நீர் துறந்த கல்

பாரி இறந்தான்; பறம்பு இருந்தது. ஓரி வீழ்ந்தான், கொல்லி இருந்தது. கைசோர்ந்து நின்று நம் முன்னோர் பாடிய கையறுநிலைகளில் மாய்கிறவன் எப்போதும் மன்னன், மலை மாயாது. அவன் ஆண்ட சுனையும் அவனோடு கண்ட நிலவும் அவனுக்குப் பின்னும் அங்கேயே இருக்கும். அவை இருப்பதே துயரத்தைக் கூட்டும். அழுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதற்கென்று அந்தப் பாட்டுகளில் ஒரு மலை எஞ்சியிருக்கும். மலையே மாய்ந்தால் எந்தத் திசை பார்த்து அழுவது? அதற்கு அவர்கள் துறை வகுக்கவில்லை. வகுக்கவேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை.

எனக்கு வந்திருக்கிறது.

கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் மின்ரயிலில் மீனம்பாக்கம் தாண்டியதும் இடப்பக்கச் சன்னலில் திரிசூலத்துக் குன்றுகள் தெரியும். அவற்றையடுத்துப் பல்லாவரம். எதிர்ப்பக்கம் விமான ஓடுதளம் என்பதால் பயணிகளின் கண்கள் பெரும்பாலும் அங்கேதான் போகும். இடப்பக்கம் திரும்புகிறவர்கள் காண்பது தோள் அறுபட்ட குன்று. விலா செங்குத்தாகச் சீவப்பட்ட குன்று. காயத்தின் விளிம்புவரை வீடுகள் ஏறி நிற்கும் குன்று. சிறுவயது முதல் அந்தச் சன்னலோரம் இருந்து பார்த்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்த குன்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஊரார் இந்தக் கல்லைக் கருங்கல் என்பார்கள். அம்மி இது, ஆட்டுக்கல் இது, உரல் இது, வாசற்படி இது. கட்டட மேஸ்திரிக்கு இது முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி. உளியோசை அறிந்த சிற்பி தட்டிப் பார்த்து, வெண்கல மணிபோல் கணீரென்றால் ஆண்கல் என்பான். புதிதாக உடைத்த முகம் பச்சை கலந்த கருமையாய், எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். வெயிலும் மழையும் தின்ற முகம் பழுப்பேறி, வெங்காயம்போல் தோல் தோலாக உரியும். நிலவியலார் இதற்குச் சார்னக்கைட் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளத்து முகவர் ஜாப் சார்னக் 1693 சனவரியில் இறந்தார். மருமகன் சார்லஸ் அயர் அவருக்குக் கல்லறை மண்டபம் எழுப்பினார். கொல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அது இன்றும் நிற்கிறது. வங்காளம் வண்டல் நாடு. அங்கே கல்லுக்கு எங்கே போவது? சார்னக்கின் மேல் வைத்த கல் சென்னைப் பக்கத்துக் குன்றிலிருந்து கடல்வழி போனது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893இல், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடக்கும் கல்லே அது என்று கண்டு, கல்லின் அடியில் கிடந்தவர் பெயரையே கல்லுக்கு இட்டார். 1900இல் தென்னிந்தியாவின் இந்தப் பாறைக் குடும்பத்தைப் பற்றி விரிவாகவும் எழுதினார். இன்று அண்டார்க்டிக்காவிலோ நார்வேயிலோ இத்தகைய கல் கிடைத்தாலும் அதற்குச் சார்னக்கைட் என்றுதான் பெயர்.

இந்தப் பெயரின்மேல் எனக்கு நெடுநாள் வருத்தம் இருந்தது. பிறந்த ஊரின் பெயர் இல்லாமல், வணிகன் ஒருவனின் பிணத்தின்மேல் சுமையாய் வைக்கப்பட்டதற்காகவா ஒரு கல் பெயர் பெறவேண்டும்? குருந்தம் என்று நம்மவர் சொன்ன சொல்லே உலகத்தார் வாயில் கொரண்டம் ஆகி, மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் குலப்பெயராய் வழங்குகிறதே. பல்லாவரத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லையே என்று நினைத்ததுண்டு. நாள் செல்லச் செல்ல அந்த வருத்தம் தணிந்தது. இறந்தோர்க்குக் கல் நடுவது நம் வழக்கம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று அதற்குத் தொல்காப்பியம் படிநிலை வகுத்திருக்கிறது. இந்தக் கல் பெயர் பெறுவதற்கு வெகுகாலம் முன்பே நடுகல்லாய் நின்றுகொண்டிருந்தது. எவருடைய சாவுக்கு என்று கேட்பார் இல்லை, அவ்வளவுதான்.

அதைத்தான் சொல்ல வந்தேன்.

சென்னைக் குன்றுகளின் கற்களில் பெரும்பங்கு ஒரு காலத்தில் நிலத்தடியில் ஆறி உறைந்த தீக்குழம்பு. அவற்றினிடையே, கார்னெட்டும் சிலிமனைட்டும் மின்னும் வெளிறிய பட்டைகள் சில உண்டு. அவை சேறாய் இருந்தவை. எந்தக் கடலின் சேறு, எந்த ஆறு கொண்டு வந்த சேறு என்று கேட்டால் கல் வாய் திறக்காது. அந்தச் சேற்றின்மேல் அலை வரைந்த வரியும் மழைத்துளி விழுந்த வடுவும் இருந்திருந்தால் அவையும் போயின. பூமி உருவாகி 454 கோடி ஆண்டு. இந்தக் கற்கள் வெந்து உருமாறியது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன். புல் இல்லை, மீன் இல்லை, பறவை இல்லை. கண் என்ற உறுப்பு உலகில் எங்கும் தோன்றியிராத காலம். நிலம் நிலத்தோடு முட்டியது. மேலோடு மடிந்து தடித்தது. மேலே கிடந்தவை கீழே போயின.

எவ்வளவு கீழே? இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே கட்டைவிரல் நகம் அளவான இடத்தின்மேல் 7 டன் எடை. வெப்பம் 750, 800 பாகை செல்சியஸ். சூளையில் செங்கல் வேகும் சூட்டுக்குக் குறையாத அனல், சில நாள் அல்ல, இலட்சக்கணக்கான ஆண்டுகள். இவ்வளவு அனலில் வெந்த கற்களை உயர்தர உருமாற்றப் பாறைகள் என்றும் கிரானுலைட்டுகள் என்றும் சொல்வார்கள். தரம் என்ற சொல் இங்கே மேன்மையைக் குறிக்காது. பட்ட பாட்டின் அளவைக் குறிக்கும்.

அந்த அனலில் கல் முதலில் இழந்தது நீரை.

கல்லுக்குள் நீரா என்று வியக்கவேண்டாம். காக்காப்பொன் என்று நம் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் மைக்கா இருக்கிறதே, அதன் ஒவ்வோர் ஏட்டுக்கும் நடுவே நீரின் கூறு கட்டுண்டு கிடக்கிறது. எடையில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு அருகில். ஈரமாய்த் தோன்றாத ஈரம் அது. அனல் ஏற ஏற அந்தக் கட்டு தளர்ந்தது. கருமைக்காவும் குவார்ட்ஸும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, ஹைப்பர்ஸ்தீன் என்ற பழுப்புப் பச்சைக் கனிமமும் புதிய ஃபெல்ஸ்பாரும் ஆயின. நீர் பிரிந்து மேலே போயிற்று. போகும்போது உருகத் தயாராய் இருந்த பகுதிகளை உருக்கி, தன்னோடு கூட்டிக்கொண்டும் போயிற்று. உருகியது ஏறிச்சென்று வேறெங்கோ கிரானைட் ஆயிற்று. உருகாதது நின்றது. நம் வாசற்படியில் கிடப்பது அப்படி நின்ற எச்சம். நீர் முழுதும் நீங்கியதால்தான் இதற்குமேல் உருகாத உறுதி இதற்கு வந்தது. ஈரம் இருந்தவரை இளகியது; ஈரம் அற்றபின் எதற்கும் இளகவில்லை. இந்தக் கல்லைப் போன்ற மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த கணம் ஓரிடத்தில் உறைந்து நிற்கிறது. பெங்களூருக்குத் தெற்கே கப்பால துர்கா என்ற குன்றின் கல்குவாரியில், சாம்பல் நிற வரிப்பாறை ஒன்றின் ஊடே கரும்பச்சைக் கறைகள் படர்ந்திருக்கின்றன. வெடிப்பு ஓடிய வழியில், மடிப்பு விழுந்த இடத்தில், வெள்ளைத் துணியில் மை ஊறியதுபோல. சாம்பல் பகுதியில் கருமைக்கா இன்னும் இருக்கிறது. கறைபட்ட பகுதியில் அது ஹைப்பர்ஸ்தீன் ஆகிவிட்டது. வரிகள் மட்டும் ஒன்றிலிருந்து மற்றதற்குள் தடையின்றி ஓடி, மெல்ல மங்கி மறைகின்றன. 1960இல் சி. எஸ். பிச்சமுத்து 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதியபோது, உருவாகும் நிலையிலேயே பிடிபட்ட சார்னக்கைட் என்றார். ஒரு முகம் பாதி மாறிய நிலையில் நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? பழைய சாயலும் தெரியும், வரப்போகிற சாயலும் தெரியும். அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று நெடுநேரம் நான் பக்கத்தைப் புரட்டவில்லை.

நீரை வெளியேற்றியது யார் என்பதில் அறிஞர்கள் ஒருமித்து நிற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ழாக் தூரே என்ற அறிஞர் தென்நார்வேயின் கிரானுலைட்டுகளில், குவார்ட்ஸ் மணிகளுக்குள் அடைபட்ட நுண்குமிழிகளைப் பார்த்தார். அவற்றில் நீர் இல்லை. அடர்ந்த கரியமில வாயு இருந்தது. தென்னிந்தியச் சார்னக்கைட்டுகளிலும் அதுவே இருந்தது. ஆழத்திலிருந்து எழுந்த கரியமில வாயு நீரைத் தள்ளிக்கொண்டு போனது என்பார் ஒரு சாரார். உருகிய குழம்பு தன்னுள் நீரை உறிஞ்சிக்கொண்டு போனது என்பார் மறு சாரார். கல்லின் பிறப்பைப் பற்றிய வழக்கும் அப்படியே நீண்டது. ஹாலண்ட் இதைத் தீக்குழம்பின் பிள்ளை என்றார். 1955இல் ஹோவி வேதியியல் பகுப்பாய்வோடு வந்தார். 1959இல் ஏ. பி. சுப்பிரமணியம் பல்லாவரத்துக் குன்றுகளையே மறுபடி நடந்து அளந்து, அந்தக் குடும்பத்தின் உறவுமுறைகளை மாற்றி எழுதினார். நூறாண்டு வழக்கில் எனக்குப் பிடித்தது, எல்லாக் கட்சியாரும் திரும்பத் திரும்ப இதே சிறு குன்றுகளுக்கு வந்து நின்றார்கள் என்பதுதான். தாயின் பெயர் தெரியாத பிள்ளையின் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்கள்.

முகத்தில் ஏன் தெரியவில்லை? அனல் நினைவையும் எரிக்கும் என்பதால். குறைந்த சூட்டில் வளரும் கார்னெட், மரத்தின் வயதுவளையம்போலத் தான் வளர்ந்த கதையைத் தன்னுள் வளையம் வளையமாக எழுதி வைத்திருக்கும். எண்ணூறு பாகையில் அணுக்கள் இடம்பெயர்ந்து அந்த வளையங்களை அழித்துவிடும். மையமும் விளிம்பும் ஒன்றாகிவிடும். அதிகம் பட்ட கல்லுக்குச் சொல்வதற்குக் குறைவாகவே இருக்கும்.

ஒரு சாட்சி மட்டும் தப்பும். சிர்கான் என்ற கடுகினும் சிறிய மணி. பிறக்கும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும், ஈயத்தை ஏற்காது. பிறகு யுரேனியம் தேய்ந்து ஈயமாகும். 447 கோடி ஆண்டில் பாதி என்ற கணக்கில், எவருக்கும் அஞ்சாத ஒழுங்கில். எனவே உள்ளே எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் மணியின் வயது தெரியும். கல் முழுதும் வெந்து உருவழிந்தபோதும் அந்த மணி தன் பழைய உள்ளத்தைக் காத்துக்கொண்டு, மேலே புதிய ஓடு ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். உள்ளே ஒரு பிறப்பு, ஓட்டில் ஒரு சாவு. மயிரிழை தடிப்பில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்.

அத்தகைய மணிகளைக் கொண்டுதான் தெற்கே இன்னொரு தீ மூண்டதை அறிந்தார்கள். பாலக்காட்டுக் கணவாயையும் காவிரியையும் ஒட்டி ஓடும் பிளவுவலயத்துக்குத் தெற்கே, மதுரை நிலத்துப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மறுபடி உலையில் விழுந்தன. பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில் கெங்குவார்பட்டிப் பக்கத்துக் கற்களில் சஃபிரின் என்ற நீலக் கனிமம் கிடைக்கிறது. அங்கே அனல் ஆயிரம் பாகையை எட்டியதற்கு அது அடையாளம். அந்த நாளில் மடகாஸ்கரும் இலங்கையும் கிழக்கு அண்டார்க்டிக்காவும் நம்மோடு ஒட்டிக் கிடந்தன. கொண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடிய மோதலில் எல்லாம் ஒரே உலையில் வெந்தன. கண்டி மலைநாட்டின் பாறைகளைத் தட்டிப் பார்த்தாலும் இந்த ஓசைதான் கேட்கும். பிறகு கண்டம் பிரிந்தது. உடன்பிறந்தவற்றுக்கு நடுவே இன்று கடல்.

இனி என் துயரத்தின் நடுவுக்கு வருகிறேன்.

இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல், பல்லாவரம் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோய்த் தொடும் இடத்தில் கிடக்கிறது. கல் தானாக மேலேறி வராது. அதன் தலைமேல் இருந்ததெல்லாம் போனபிறகுதான் அது வானத்தைப் பார்க்கும். அப்படியானால் அதன் தலைமேல் ஒரு மலைநாடு இருந்தது. எவரெஸ்டின் உயரம் 8.8 கிலோமீட்டர், அதைப் போல மூன்று பங்கு கல் இந்த இடத்தின் மேலிருந்து நீங்கியிருக்கிறது. அத்தனையும் ஒரே சமயத்தில் வானத்தை முட்டி நின்றதில்லை. மழை மேலே அரிக்க அரிக்க, சுமை குறைந்த தோணி நீரில் எழுவதுபோல நிலம் கீழிருந்து எழுந்துகொண்டே இருந்தது. எழுந்ததை மழை மறுபடி அரித்தது. இன்றும் நம் காலடியில் 35 கிலோமீட்டருக்குக் குறையாமல் மேலோடு இருக்கிறது. போனதையும் இருப்பதையும் கூட்டினால் 60 கிலோமீட்டர் வருகிறது. இன்றைய உலகில் அவ்வளவு தடித்த மேலோடு திபெத்தின் அடியிலும் ஆண்டிஸின் அடியிலும்தான் உண்டு. ஆகவே மெரினாவில் காற்று வாங்கும் நகரமே, உன் வானத்தில் ஒரு திபெத் இருந்தது.

அதற்குப் பெயர் உண்டா? இல்லை. அதன் உச்சியில் பனி இருந்ததா, அதன் சரிவில் எத்தனை ஆறுகள் இறங்கின, அவை எந்தக் கடலில் கலந்தன? பாறைகள் விழும் ஓசையைக் கேட்கச் செவி இல்லை. விடியலில் அதன் முகடு சிவந்ததைக் காணக் கண் இல்லை. பாரிக்குக் கபிலர் இருந்தார். பெண்மக்கள் இருவர் இருந்து பறம்பைப் பார்த்து ஏங்கினார்கள். இந்த மலைநாடு பிறந்தது, ஓங்கியது, மணல் மணலாக உதிர்ந்து தீர்ந்தது. அழுவதற்கு உலகில் ஓர் உயிர்கூட எழுந்து நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிக்கற்களில் பழந்தாவரங்களின் இலை அச்சுகள் கிடைக்கின்றன. அவை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அந்தச் செடிகள் துளிர்த்த நாளிலேயே மலை போய்விட்டது. அவை வேர்விட்டது அதன் அடித்தளத்தின்மேல். இலைகளுக்கே தெரியாத இழப்பு நமக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கல்லால்தான் தெரியும். அதன் உடம்பில் ஹைப்பர்ஸ்தீன் இருக்கிறது. ஆகவே அனல் இருந்தது. கார்னெட் இருக்கிறது, ஆகவே சுமை இருந்தது. சுமை இருந்ததால் சுமையானவன் ஒருவன் இருந்தான். இந்தக் கல்லைத் தவிர அவனுக்கு வேறு நடுகல் இல்லை. சார்னக்கின் மேல் ஏறிய நாளில் இது புதிதாய் ஒன்றும் செய்யவில்லை. தன் பழைய தொழிலையே செய்தது.

மனிதர் வந்தது மிகப் பிந்தி. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் சரளைக்குழி ஒன்றிலிருந்து கற்கோடரி ஒன்றை எடுத்தார். இந்திய மண்ணில் பழைய கற்கால மனிதனின் கைத்தடம் உலகுக்குத் தெரிந்தது அன்றுதான். அது குவார்ட்சைட்டில் செய்த கோடரி. தன் காலடியில் கிடந்த கருங்கல்லை அந்த முதல்மனிதன் தொடவில்லை. அது அவன் கைக்கு உடையாது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் தொட்டான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிக் கோயில் எடுக்கத் துணிந்த மன்னன் அவன். பல்லாவரத்துக் குன்றில் குடைவரை ஒன்று எடுத்து, அதில் தன் பட்டப்பெயர்களை வரிசையாகப் பொறித்தான். இன்று அது தர்கா. விளக்கேற்றி வேண்டிக்கொள்ள மக்கள் படியேறிப் போகிறார்கள். உளிபட்ட கல் அது. ஆனாலும் குன்று குன்றாகவே இருந்தது. குன்றின் கையைப் பிடித்துப் பேசியதுபோலத்தான் அந்த உளி பேசியிருக்கிறது.

பிறகு வந்தது வெடி.

துளைக்கருவி முதலில் வரும். வரிசையாகத் துளை போடுவார்கள், மருந்து கெட்டிப்பார்கள், சிவப்புக் கொடி காட்டி ஆட்களை விலக்குவார்கள். ஒரு நொடி. இருபத்தைந்து கிலோமீட்டர் சுமைக்கு உடையாதது, எண்ணூறு பாகைக்கு இளகாதது, பொடிந்து சரியும். டிப்பர் லாரி ஏற்றிக்கொண்டு போகும். கிரஷர் அரைக்கும். ஆற்று மணலைத் தோண்டித் தீர்த்துவிட்டோம். ஆகவே கல்லை அரைத்தே மணலாக்கி, எம்-சாண்ட் என்று விற்கிறோம். மலை மணலாவது இயற்கையும் செய்கிற வேலைதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருத்துக் கிடக்கும் மணலைப் பாருங்கள்; இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட். எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து உருமாற்றப் பாறைகள் உதிர்ந்து, ஆறு கொண்டுவந்து, அலை புடைத்துப் பிரித்து வைத்தவை. 1909இல் ஷோம்பர்க் என்ற செருமானிய வேதியியலர் அந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அந்த மணலுக்குள் மலையின் கணக்கு அழியாமல் இருக்கிறது; ஒவ்வொரு சிர்கானிலும் உள்ளமும் ஓடும் இருக்கிறது. சிமென்டில் குழைத்துச் சுவருக்குள் அடைத்த மணலிலும் இருக்கத்தான் செய்கிறது. இனி யார் போய் அதைக் கேட்பார்?

குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் வீட்டுத் தளத்திலும் இந்த ஜல்லிதான் கிடக்கிறது. வெயிலில் கல்லுடைத்தவர்களின் நெஞ்சுக்குள் சிலிக்காத் தூசி இறங்கி, சிலிக்கோசிஸ் என்ற பெயரில் அவர்கள் மூச்சை நிறுத்துகிறது. அந்தச் சாவுகளுக்கும் கையறுநிலை பாடப்படவில்லை. அவர்களுக்குக் கல்லின்மேல் பகை எதுவும் இருந்ததில்லை. கூலி இருந்தது. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: எதை உடைக்கிறோம் என்று தெரிந்து உடைத்திருக்கலாம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை பரங்கிமலைச் சார்னக்கைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருப்பது எனக்கு உண்மையான ஆறுதல். போர்த்துக்கீசியர் எழுப்பிய தேவாலயத்துக்குப் படியேறுகிறவர்கள் ஒரு கணம் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தால் என் மனம் குளிரும். திரிசூலத்துக்கும் பல்லாவரத்துக்கும் அந்தக் காவல் காலத்தில் கிடைக்கவில்லை.

குன்றே, உன்னிடம் நான் எதைக் கேட்பேன்? நீ இருந்தாயா என்று நாளை ஒரு பிள்ளை கேட்டால் எதைக் காட்டுவேன்? உன் தலைவனுக்கு நீ சாட்சி. உனக்கு யார்? நாவும் கையும் ஓயும் இடம் என்று புலவர் சொன்னது இதுதானா? உன் நீரைத் துறந்து நீ உறுதியானாய். அந்த உறுதிக்காகவே உன்னை உடைத்தார்கள்.

பல்லாவரத்துக்கு மேற்கே திருநீர்மலை. நாற்புறமும் நீர் சூழ்ந்து கிடந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து ஏறினார் என்பது தலத்து வழக்கு. நீரே இல்லாத கல்லுக்கு நீர்மலை என்று பெயர் வைத்தவர்கள் கல்லின் உள்ளிருப்பை அறிந்து வைக்கவில்லை. சுற்றிலும் ஏரி பெருகக் கண்டு வைத்தார்கள். அந்தப் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அங்கிருந்து வடக்கே, குன்றத்தூரும் மாங்காடும் இருக்கும் பக்கம், சிக்கராயபுரம். இருபதுக்கும் மேற்பட்ட கல்குவாரிகள் அங்கே வெட்டி முடித்துக் கைவிடப்பட்டுக் கிடந்தன. குன்று இருந்த இடத்தில் குழி, குழியில் மழை. ஆண்டாண்டாக மழை நிரம்பி, பச்சையும் நீலமுமாய் ஆழம் தெரியாத குளங்கள் ஆயின. 2017 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. அப்போது குடிநீர் வாரியம் இந்தக் குழிகளின் நீரை இறைத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து ஊருக்கு அனுப்பியது. 2019இல் ஏரிகள் தரை காட்டியபோதும் மறுபடி இங்கேதான் வந்தார்கள். தெருமுனையில் நிறநிறமாய்ப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை பிடித்து நின்ற அந்த நாள்களில், கல் இல்லாமற்போன பள்ளம் நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்தது. நடுகல்லுக்கு நீராட்டுவது நம் மரபில் மூன்றாம் சடங்கு. இங்கே நீராட்டுவதற்குக் கல் இல்லை. நீர் மட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்த பருவமழைக்குப் பின் ஒரு மாலை அங்கே போய் நின்றேன். எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழாக அரைக்குழல் வடிவில் துளைக்கருவியின் தடங்கள் ஓடின, வெடிமருந்து நிரப்பிய துளைகளில் எஞ்சிய பாதிகள். வெட்டுமுகம் இன்னும் பழுப்பேறாமல் கரும்பச்சையாகவே இருந்தது. நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடத்துக்குள்ளும் அது விரல்விரலாய் உயர்ந்து, கல்லை நனைத்துக்கொண்டு நின்றது.